மாடித் தொட்டியில் காஸ்மோஸ்: மதுரையில் ஆவணி முதல் பங்குனி வரை

காஸ்மோஸ் விதை பாக்கெட்டின் பின்பக்கத்தில் பெரும்பாலும் ‘உறைபனி முடிந்ததும் விதைக்கவும், இலையுதிர் காலம் வரை பூக்கும்’ என்று இருக்கும். மதுரையில் உறைபனியும் இல்லை, அந்த இலையுதிர் காலமும் இல்லை. நமக்கு இருப்பது ஆடிக் காற்று, ஐப்பசி மழை, மார்கழிப் பனி, சித்திரை வெயில். இந்தச் செடியை இங்கே வளர்க்க நினைப்பவர்கள் பாக்கெட்டை விட்டுவிட்டு நம்ம நாள்காட்டியை எடுத்துக்கொள்வதுதான் முதல் வேலை. திருநகரில் எங்கள் மொட்டை மாடியில் ஆவணியில் தொடங்கிப் பங்குனி வரை வாளிகளிலும் மண்தொட்டிகளிலும் காஸ்மோஸ் வளர்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நிலம் இல்லாத, மாடி மட்டுமே இருக்கிற வீடுகளுக்கு இது உதவும்.

காஸ்மோஸ் மெக்சிகோ பக்கத்துச் செடி. சூரியகாந்தி, செவ்வந்தி, துலுக்கச் சாமந்தி எல்லாம் சேர்ந்த குடும்பம். அங்கிருந்து விதை ஸ்பெயினின் மாட்ரிட் தோட்டத்துக்குப் போய், அந்தோனியோ கவனில்யஸ் என்ற தாவரவியலாளர் 1791இல் இதற்குப் பெயர் வைத்தார். இது அடிப்படையில் பகல் குறையும்போது பூக்கும் செடி. லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். அங்கே செடி கோடை முழுக்க உயரமாக வளர்ந்துகொண்டே போய், பகல் சுருங்கியபிறகுதான் மும்முரமாகப் பூக்கும். மதுரையில் ஜூனில் பகல் ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம், டிசம்பரில் ஏறக்குறைய 11 மணி 35 நிமிடம். அதாவது இந்தச் செடியின் கணக்குப்படி இங்கே வருஷம் முழுக்கப் பூக்கும் காலம்தான். எந்த மாதம் விதைத்தாலும் இரண்டு மாதத்தை ஒட்டி மொட்டு வந்துவிடுகிறது. அதனால் ‘எப்போது பூக்கும்’ என்பது இங்கே கேள்வி இல்லை. ‘பூக்கிற நேரத்தில் வெயிலும் காற்றும் மழையும் எப்படி இருக்கும்’ என்பதுதான் கேள்வி.

இதைப் புரிந்துகொண்டதும் தேதி தானாகவே முடிவாகிவிட்டது. ஆடியில் விதைத்தால் தேனிப் பக்கமிருந்து அடிக்கிற காற்று நாற்றைத் தரையோடு சாய்த்துவிடும். ஆவணி நடுவில் விதைத்தால் காற்று அடங்கியிருக்கும், செடி புரட்டாசியில் நன்றாகக் கிளைத்து ஐப்பசியில் பூக்கும். இரண்டாவது ஈடு கார்த்திகைத் தொடக்கத்தில். அது மார்கழிக் கடைசியில் பூக்கத் தொடங்கி மாசி வரை நிற்கும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது ஈடுதான். செடி குட்டையாகவே பூத்துவிடும், மழையின் அடியும் அதற்குக் கிடையாது.

வகைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் காஸ்மோஸ் என்று இரண்டு வேறு செடிகளை விற்கிறார்கள். ஒன்று இளஞ்சிவப்பு, வெள்ளை, அடர்சிவப்பு நிறங்களில் பூப்பது. இலை சோம்புச் செடி மாதிரி நூல் நூலாக இருக்கும். இதன் தாவரப் பெயர் காஸ்மோஸ் பைபின்னேட்டஸ். இன்னொன்று ஆரஞ்சும் மஞ்சளும் பூக்கிற காஸ்மோஸ் சல்ஃபியூரியஸ். இதன் இலை அகலமான பிளவுகளோடு இருக்கும். முதலாவது பனிக்கால வெயிலில் குளிர்ந்து நிற்கும், பங்குனி வெயில் வந்ததும் காய்ந்துபோகும். இரண்டாவது வெயிலைத் தாங்கும். பாக்கெட்டில் ‘காஸ்மோஸ் மிக்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் படத்தில் பூவின் நிறத்தைப் பார்த்து எது என்று முடிவு செய்யுங்கள். 

இளஞ்சிவப்பு வகையிலேயே ‘சென்சேஷன்’ என்பது பழைய, உயரமான ரகம். 1936இல் அமெரிக்காவில் பரிசு வாங்கியது. நிலத்தில் நான்கு அடி வரை போகும். ‘சொனாட்டா’ இரண்டு அடிக்குள் நின்றுவிடும். தொட்டிக்கு சொனாட்டாதான் சரி. சென்சேஷனும் போட்டேன், அது மாடியில் மூன்று அடியைத் தாண்டவில்லை. ஆனால் அந்த மூன்று அடிக்கே முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி தொட்டி. என்னிடம் இருந்தவை பெயின்டர்கள் விட்டுப்போன 20 லிட்டர் வாளிகள், விளாச்சேரியில் வாங்கிய மண்தொட்டிகள், கறுப்பு நிறத்தில் சில க்ரோ பேக்குகள், அதாவது செடி வளர்க்கும் பைகள். கொலு பொம்மைக்குப் பேர்போன விளாச்சேரி எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். தொட்டியைத் தட்டிப் பார்த்து, சத்தம் கேட்டு வாங்கி வரலாம். மூன்றிலும் செடி வளர்ந்தது, ஆனால் ஒரே மாதிரி வளரவில்லை. மண்தொட்டியில் பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாவதால் வேர் குளுமையாக இருக்கும், அழுகல் வராது. ஆனால் தினமும் தண்ணீர் கேட்கும். வெள்ளை வாளி அடுத்த இடம். கறுப்பு பேக்கை மேற்கு வெயிலில் வைத்தால் மதியம் மூன்று மணிக்கு அதன் பக்கத்தைக் கையால் தொட முடியாது. உள்ளே வேருக்கும் அதே சூடுதான். ஈரம் இருந்தும் செடி துவண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பேக்குகளைச் சுற்றிப் பழைய வெள்ளை வேட்டித் துணியைக் கட்டினேன். அதற்கப்புறம் மதியத் துவளல் நின்றது. வாங்குவதானால் வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கிற பேக்காகப் பார்த்து வாங்குங்கள்.

வாளியின் அடியில் சூடு காட்டிய கம்பியால் ஆறேழு ஓட்டை, சுண்டுவிரல் பருமனுக்கு. பக்கவாட்டில் அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் இன்னும் இரண்டு ஓட்டை. அடி ஓட்டை தரையில் ஒட்டி அடைத்துக்கொண்டாலும் பக்க ஓட்டை காப்பாற்றும். எல்லாத் தொட்டிக்கும் கீழே செங்கல் துண்டு வைத்துத் தூக்கியிருக்கிறேன். தளத்தின் சூடு நேரே ஏறாது, தளத்திலும் ஈரம் தங்காது. ஓட்டையின் மேல் ஒரு உடைந்த ஓட்டுச்சில்லு, அதன் மேல் தென்னை நார் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான், கருங்கல் ஜல்லி போட்டு எடையைக் கூட்ட வேண்டாம்.

மண்கலவைதான் இந்தச் செடியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு. ஒரு வாளிக்கு மண்புழு உரம் இரண்டு கைப்பிடி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்டுதான் கிடைக்கிறது. அதைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மாவு போன்ற தூசி போகும்வரை அலசிக்கொள்ள வேண்டும். அலசாமல் போட்டால் அந்தத் தூசி மண்ணோடு சேர்ந்து சிமென்ட் பூச்சு மாதிரி இறுகிவிடும். நார்க்கழிவுக் கட்டியையும் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்து எடுத்தேன். அதில் உப்பு இருக்கும். திருமங்கலம் பக்கத்திலிருந்து கொண்டுவந்த கரிசல் மண்ணை ஒரு தொட்டியில் மட்டும் போட்டுப் பார்த்தேன். அது ஈரத்தை விடுவதே இல்லை, ஐப்பசி மழையில் அந்தத் தொட்டிச் செடிதான் முதலில் அழுகியது. காஸ்மோஸுக்குக் கரிசல் ஆகாது.

விதை கறுப்பாக, ஊசி மாதிரி மெலிந்து கொஞ்சம் வளைந்திருக்கும். ஊறவைக்கத் தேவையில்லை. பாதி முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் படுக்க வைத்து மண் தூவினால் போதும். பொதுவாக 5 முதல் 10 நாளில் முளைக்கும் என்பார்கள். நம்ம ஆவணிச் சூட்டில் ஒரு வாரத்துக்குள்ளேயே எல்லாம் தலை நீட்டிவிட்டன. நேரே தொட்டியிலேயே விதைப்பதுதான் நல்லது. வேரைக் கலைத்தால் இந்தச் செடி சில நாள் முகம் சுளித்துக்கொண்டு நிற்கும். ஆனால் எங்கள் மாடியில் அணில் தொந்தரவு அதிகம், புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் அது தோண்டாமல் விடாது. அதனால் பழைய கொசுவலையை வாளி வாயில் இழுத்துக் கட்டி, நாற்று இரண்டு அங்குலம் வந்தபிறகு எடுத்தேன். 12 அங்குல வாளிக்கு சொனாட்டா மூன்று, சென்சேஷன் இரண்டு. மீதியைப் பிடுங்க மனம் வராதுதான். பிடுங்காமல் வேரை அறுக்காமல் கத்தரியால் அடியோடு வெட்டிவிடுங்கள், பக்கத்துச் செடியின் வேர் அசையாது.

மாடிப்படி அறைக்குப் பக்கத்தில் அத்தையின் மல்லித் தொட்டிகள் இருக்கின்றன. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்ததிலிருந்து அத்தைக்கு அந்தத் தொட்டிகள் மேல் இன்னும் பாசம். அரிசி களைந்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த கரைசல் என்று எதையும் வீணாக்காமல் அங்கே ஊற்றுவார். என் காஸ்மோஸ் வாளி ஒன்று இடமில்லாமல் அந்த வரிசையில் இருந்தது. அத்தை அதற்கும் சேர்த்தே ஊற்றினார். மற்ற வாளிகள் மாடியின் கிழக்கு ஓரத்தில் வெறும் தண்ணீரோடு நின்றன. எல்லாம் ஒரே பாக்கெட் விதை, ஒரே நாள் விதைத்தவை.

புரட்டாசி முடியும்போது இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். அத்தை வரிசையில் இருந்த செடி இடுப்பளவு, கரும்பச்சை, தண்டு பெருவிரல் பருமன், இலை மேல் இலை. மொட்டு ஒன்றுகூட இல்லை. கிழக்கு ஓரத்துச் செடிகள் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, வெளிர்பச்சை, பார்க்க நோஞ்சானாக. ஒவ்வொன்றிலும் மொட்டு, சிலதில் பூவே விரிந்துவிட்டது.

“ஏம்மா, நல்லா சாப்புட்ட பிள்ளை பூக்கல, அந்தக் காஞ்ச பிள்ளை பூத்திருக்கே?” என்றார் அத்தை.

“இதுக்குத் தழைச்சத்து ஜாஸ்தியானா இலைதான் விடும் அத்தே. மல்லிக்கு நீங்க ஊத்துறது சரி. இதுக்கு வேண்டாம்.”

“பட்டினி போட்டாப் பூக்குற செடிய இப்பத்தாம்மா பாக்குறேன்.”

காஸ்மோஸ் ஓராண்டுச் செடி. மல்லி பல வருஷம் நிற்கும் புதர், மார்கழியை ஒட்டிக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, உரம் வைத்து, புதுத் துளிர் விடவைத்தால்தான் அது பூக்கும். அதற்குத் தீனி வேண்டும். காஸ்மோஸுக்கு வாழ்நாளே சில மாதங்கள்தான். மண்ணில் தழைச்சத்து தாராளமாக இருந்தால் அது வளர்ச்சியிலேயே நிற்கிறது. குறைவாக இருந்தால் சீக்கிரம் பூத்து விதை போட்டுவிடப் பார்க்கிறது. யூரியா, டிஏபி, புண்ணாக்குக் கரைசல், பஞ்சகவ்யா எதுவும் வேண்டாம் என்று சொல்வது செடியைக் கைவிடுவதற்காக அல்ல. நம் ஊரில் செடி வளர்ப்பவர்கள் அன்பை உரமாகத்தான் காட்டுகிறோம். இந்தச் செடிக்கு அந்த அன்பை வெயிலாகவும் வடிகாலாகவும் கத்தரியாகவும் காட்ட வேண்டும்.

தீனி தின்ற வாளியைக் கிழக்கு ஓரத்துக்கு நகர்த்தி, மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிட்டு, மூன்று வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி அடி வழியாக வடியவிட்டேன். மண்ணில் இருந்த கரையும் சத்து அதோடு கொஞ்சம் போயிருக்கும். கார்த்திகையில் அதுவும் பூத்தது. ஆனால் கொழுத்த கிளைகள் பாரம் தாங்காமல் நாலா பக்கமும் சரிந்தே நின்றன.

நுனி கிள்ளுவதைப் பற்றி. செடி முக்கால் அடி உயரம் வந்து நாலைந்து ஜோடி இலை விட்டதும் நடு நுனியை நகத்தால் கிள்ளிவிட வேண்டும். காஸ்மோஸில் இலைகள் எதிரெதிராக வரும். கிள்ளிய இடத்துக்குக் கீழே ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கக் கிளை கிளம்பும். கிள்ளினால் பூ வர ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும், பதிலுக்கு ஒரு பூ நிற்கிற இடத்தில் ஆறேழு நிற்கும். ஆவணி ஈட்டுக்குக் கிள்ளினேன். கார்த்திகை ஈட்டுக்குக் கிள்ளவில்லை. அது சீக்கிரம் பூக்கிற குட்டைச் செடி, கிள்ளினால் ஒல்லியாகிவிடுகிறது. அதற்குப் பதில் நெருக்கமாக விதைத்துக்கொள்ளலாம்.

வெயில் தினமும் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். தண்ணீர், விரலை மண்ணில் ஒரு கணு அளவு விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும். காலையில், இலையில் படாமல், மண்ணில்.

தண்ணீர் என்றதும் மதுரைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த உப்புத் தண்ணீர்க் கதைக்கு வர வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் டீ போட்டால் ஆடை கட்டும். மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து நிற்பதும் அதன் உப்புதான். புரட்டாசி நடுவில் கிழக்கு வரிசைச் செடிகளின் நுனித் துளிர் வெளிறிப்போயிற்று. அடி இலை பச்சையாகவே இருந்தது. பட்டினி ஜாஸ்தியாகிவிட்டதோ என்று உரம் போடத் தோன்றும். ஆனால் தழைச்சத்துக் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடி இலை. நுனி வெளிறினால் பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறை. கடினத் தண்ணீர் மண்ணைக் காரத் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. காஸ்மோஸ் இலை நூலாக இருப்பதால் நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள் என்ற அடையாளத்தை அதில் பார்க்க முடியாது. அதே தண்ணீர் குடிக்கிற பக்கத்துச் செம்பருத்தியைப் பார்த்தேன். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சைக் கோடாக, மீதியெல்லாம் மஞ்சள். சந்தேகம் தீர்ந்தது.

நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி கேட்டால் கொடுப்பார்கள். அதுதான் இரும்பு சல்பேட். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 3 கிராம் கரைத்து, அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உடனே சாயங்கால நேரத்தில் இலையில் தெளித்தேன். எலுமிச்சை சேர்க்காவிட்டால் கரைசல் கொஞ்ச நேரத்தில் துருப்பிடித்த நிறத்துக்கு மாறிப் பயனில்லாமல் போகும். தளத்தில் சிந்தினால் பழுப்புக் கறை விழும், அது போகவே போகாது. கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் இடைவெளி விட்டு மறுபடி ஒரு தடவை. புதுத் துளிர் பச்சையாக வந்தது. கூடவே குடிப்பதற்கு வருகிற மாநகராட்சித் தண்ணீரில் வாரத்துக்கு ஒரு முறை மிச்சம் பிடித்து ஊற்றினேன். ஐப்பசியில் மழை வந்ததும் இந்தப் பிரச்சினையே இல்லாமல் போயிற்று. நம் ஊரில் மழை அதிகம் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில்தான். மழைத் தண்ணீர் தொட்டி மண்ணின் உப்பையெல்லாம் கழுவிவிடும். இரண்டு டிரம் பிடித்தும் வைத்துக்கொண்டேன்.

அதே மழைதான் ஆவணிச் செடிகளைப் புரட்டிப் போட்டது. பூத்து நிற்கிற காஸ்மோஸ் கிளையில் மழை விழுந்தால் ஒவ்வொரு பூவும் தண்ணீர் ஏந்திக்கொள்ளும். காற்றும் சேர்ந்தால் கிளை பிரிகிற கவட்டில் பிளந்துவிடும், முறியாது. தண்டின் பாதி தொங்கும், பாதி ஒட்டியிருக்கும். அதை வெட்டி எறிய வேண்டியதில்லை. பூக்கட்டுகிறவர்களிடம் இருக்கிற வாழைநார் இதற்கு அருமையான கட்டு. நாரைத் தண்ணீரில் நனைத்து, பிளந்த இரண்டு பக்கத்தையும் மண் ஒட்டாமல் துடைத்துச் சேர்த்து, கவட்டுக்குக் கீழே தொடங்கி மேலே வரை நெருக்கமாகச் சுற்றி முடிச்சிட்டேன். நைலான் கயிறு மாதிரி தண்டை அறுக்காது. காய்ந்ததும் இறுகிப் பிடிக்கும், அப்புறம் தானாக மக்கி விழும். கட்டிய கிளையின் பாரத்தைக் குறைக்க விரிந்த பூக்களை வெட்டிவிட்டேன். அன்றே கட்டியவை பெரும்பாலும் பிழைத்தன. மறுநாள் பார்த்துக் கட்டியவை பிழைக்கவில்லை, பிளவு காய்ந்துவிடுகிறது.

முட்டுக் கொடுப்பதை மழைக்கு முன்பே செய்துவிட வேண்டும். தொட்டியின் விளிம்பை ஒட்டி மூன்று மூங்கில் தப்பை, செடியைச் சுற்றி இரண்டு உயரத்தில் சணல். ஒவ்வொரு தண்டையும் குச்சியோடு சேர்த்து இறுக்கிக் கட்டக் கூடாது. வேலிக்குள் நிற்பது போல அசைய இடம் இருக்கட்டும். அசைகிற தண்டுதான் வலுவாகும். வாளிகளை ஒன்றோடு ஒன்று நெருக்கி, கைப்பிடிச் சுவரோரம் சேர்த்து வைத்தால் சாயாது.

பூச்சி பெரிதாக இல்லை. மொட்டுக் காம்பில் அசுவினி வரும், எறும்பு ஏறுவதைப் பார்த்தால் அசுவினி இருக்கிறது என்று அர்த்தம். பைப் தண்ணீரை வேகமாக அடித்தால் பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய நாலு சொட்டு சோப்புத் தண்ணீர், பொழுது சாய்ந்தபிறகு. பகலில் அடிக்காதீர்கள், தேனீக்கள் இருக்கும். தை மாதப் பனியில் அடி இலைகளில் சாம்பல் நோய் வந்தது. அந்த இலைகளை எடுத்துவிட்டு, புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து தெளித்தேன். பரவவில்லை.

பூவைப் பற்றிச் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். நாம் ஒரு பூ என்று பார்ப்பது ஒரு பூங்கொத்து. வெளியே எட்டு இதழ் போலத் தெரிகிறவை ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ, அவை விதை பிடிக்காது. நடுவில் மஞ்சளாக இருக்கிற பொட்டில் குட்டிக் குட்டியாகப் பல பூக்கள், அவைதான் ஓரத்திலிருந்து உள்நோக்கி வரிசையாக விரிந்து விதை தரும். காலை ஏழு மணிக்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள், மகரந்தம் பொடிப்பொடியாக நட்சத்திரம் மாதிரி நிற்கும். கொம்புத் தேனீ முதலில் வந்தது, அப்புறம் கொசுத்தேனீ. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிகளும் வந்தன. பக்கத்துப் பந்தலில் இருந்த பாகல் கொடியில் முன்பு பிஞ்சு மஞ்சளாகி உதிரும். காஸ்மோஸ் பூத்தபிறகு பிஞ்சு நன்றாக நின்றது. தேனீ வந்துபோனதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதற்காகவே காய்கறித் தொட்டிகளுக்கு நடுவில் ஒரு வாளி காஸ்மோஸ் வைக்கலாம்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் வரைக்கும் போய் மல்லி வாங்குகிற ஊரில், வாசமில்லாத, கட்ட முடியாத பூ எதற்கு என்று கேட்பார்கள். கீழ்வீட்டு மதினி கேட்டார். காஸ்மோஸ் இதழ் தொட்டால் மடங்கும், சரத்துக்கு ஆகாதுதான். ஆனால் மார்கழியில் வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ வைக்கிறோமே, அந்தப் பூசணிப்பூ எங்கள் தெருவில் இப்போது கிடைப்பதில்லை. ஆவணியிலேயே ஒரு வாளியில் ஆரஞ்சு வகையும் போட்டிருந்தேன், அந்தப் பூவை மதினிக்குக் கொடுத்தேன். சாணி ஈரத்தில் காம்பைச் செருகினால் மதியம் வரை விரிந்தே நிற்கிறது. அதற்கப்புறம் தெருவில் நாலு வீட்டுக்கு மார்கழி முழுக்க மாடியிலிருந்துதான் பூ போயிற்று. ஜாடியில் வைக்கவும் நல்ல பூ. இதழ் முழுசாகப் பிரிவதற்கு முன், விடியற்காலையில், நீளமான காம்போடு வெட்டி உடனே தண்ணீரில் போட்டு, தண்ணீரைத் தினம் மாற்றினால் மூன்று நான்கு நாள் நிற்கும். 

எவ்வளவு வெட்டுகிறீர்களோ அவ்வளவு பூக்கும். வாடிய பூவைச் செடியில் விட்டால் விதை பிடிக்கும், விதை பிடித்தால் புது மொட்டு குறையும். இதில் புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும்: இதழ் உதிர்ந்த தலையும் மொட்டும் தூரத்தில் ஒரே மாதிரி இருக்கும். மொட்டு உருண்டையாக, மேலே தட்டையாக, பொத்தான் மாதிரி இருக்கும். உதிர்ந்த தலை கூம்பாக, மேல்நோக்கிக் குவிந்து, தொட்டால் கெட்டியாக இருக்கும். கூம்பை மட்டும் வெட்ட வேண்டும், அதுவும் தலையை மட்டும் கிள்ளாமல் கீழே இருக்கும் கணு வரை காம்போடு. அந்தக் கணுவிலிருந்துதான் அடுத்த கிளை வரும்.

மாசி பிறந்ததும் வெட்டுவதை நிறுத்திவிட்டேன், விதைக்காக. தலை காய்ந்து, விதைகள் கறுப்பு ஊசிகளாக நாலா பக்கமும் விரிந்து நிற்கும்போது எடுக்க வேண்டும். பச்சையாக எடுத்தால் முளைக்காது, ஒரு நாள் தாமதித்தால் சில்லைக் குருவிகள் எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் அவற்றுக்கும் விட்டேன். நிழலில் ஒரு வாரம் உலர்த்திக் காகித உறையில் போட்டு, மூடி இறுக்கமான பாட்டிலில் வைத்து ஃபிரிட்ஜின் கதவில் வைத்திருக்கிறேன். மதுரைக் கோடைச் சூட்டில் வெளியே வைத்த விதையின் முளைப்பு சீக்கிரம் குறைந்துவிடும். தேனீ ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதால் வெள்ளைச் செடியில் எடுத்த விதை வெள்ளையாகவே பூக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உறையில் நிறம் எழுதி வைத்தாலும் அது தாயின் நிறம்தான்.

ஆரஞ்சு காஸ்மோஸ் விதையை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். அது இந்தியாவில் பல இடங்களில் சாலையோரம், தரிசு நிலம் என்று தானாகப் பரவிவிட்ட செடி. காய்ந்த தலைகளை மாடியிலிருந்து தட்டுவது, கண்மாய்க் கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ கொட்டுவது வேண்டாம். விதை பிடித்த செடியை உரக்குழியிலும் போடாதீர்கள், உரத்தோடு மறுபடி எல்லாத் தொட்டியிலும் முளைக்கும்.

பங்குனியில் இளஞ்சிவப்புச் செடிகள் அடியிலிருந்து காய்ந்து வந்தன. நிழல்வலை கட்டி, இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி இன்னும் சில வாரம் இழுக்கலாம். ஆனால் பூ சிறுத்து, நிறம் வெளுத்து, பார்க்கப் பாவமாக இருக்கும். முடித்துவிடுவதே மரியாதை. அந்த இடத்துக்கு மாசிக் கடைசியில் புது ஆரஞ்சு விதை போட்டாயிற்று, வெள்ளை வாளியில், காலை வெயில் மட்டும் படுகிற படிக்கட்டுச் சுவரோரம். அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அப்போது மாடியில் பூக்கத் தெம்புள்ளவற்றில் இதுவும் ஒன்று.

பழைய செடிகளை வேரோடு பிடுங்காமல் மண் மட்டத்தில் வெட்டினேன். நுண்வேர் மண்ணிலேயே மக்கி, மண்ணைப் பொலபொலப்பாக வைக்கும். அந்த வாளிகளில் அடுத்துக் கத்தரியோ தக்காளியோ போடுவதானால் தொழு உரம் நிறையச் சேர்க்க வேண்டும். ஆவணியில் மறுபடி காஸ்மோஸே போடுவதானால் களைக்கொத்தியால் கிளறி, ஒரு கை அலசிய மணல் சேர்த்து, சித்திரை வெயிலில் காயவிட்டால் போதும்.